அண்ணனுக்கு அமெரிக்காவில் 60 மாதம் சிறை: இங்கே சிங்கப்பூர் மாதிரி மூன்றில் ஒரு பங்கு கழியுமா?

வள்ளி_ஈசூன்:

வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். என் அண்ணன் சிங்கப்பூர்க் குடிமகன், ஹெச்-1பி1 விசாவில் நியூ ஜெர்சியில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். வேலையிடத்தில் பண விவகாரம், ஒயர் ஃப்ராடு (மின்வழித் தொடர்பு மூலம் செய்யும் மோசடி) என்று கேஸ். 2025 மார்ச் கடைசியில் பிடித்தார்கள், ஜாமீன் கிடைக்கவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆகஸ்ட் கடைசியில் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் 60 மாதம் என்று தீர்ப்பாகிவிட்டது. செய்தது தப்பு என்று அவரே சொல்கிறார், அதைப் பற்றி வாதாட நான் வரவில்லை. எத்தனை நாள் உள்ளே இருக்க வேண்டும், அதுதான் தெரிய வேண்டும்.

அம்மாவுக்கு 71 வயது. பக்கத்து புளோக் மாமாவின் மகன் சாங்கி சிறையில் இருந்துவிட்டு வந்தவர். மூன்றில் ஒரு பங்கு கழித்துவிடுவார்கள் என்று அந்த மாமா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, 60-இல் 20 போனால் 40 என்று அம்மா கணக்குப் போட்டு, சமையலறையில் தொங்கும் கோயில் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் 40 கட்டம் வரைந்து, ஆறு கட்டத்தை அடித்தும் விட்டார்கள். 2028 ஜூலையில் முடிகிறது. அந்த வருடத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் இருப்பார் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை, ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். சிறை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், வக்கீல் இல்லை, 4,500 அமெரிக்க டாலர் கொடுத்தால் பரோலுக்கு எழுதிப் பாதித் தண்டனையில் வெளியே கொண்டுவருகிறேன் என்கிறார், அம்மாவின் இதய நோயைக் காட்டியும் கேட்கலாமாம். இரண்டாவது, போன வாரம் குடிநுழைவு அதிகாரி ஒருவர் அண்ணனிடம் வந்து, விசாரணை வேண்டாம், நாடுகடத்தலுக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். அண்ணன் யோசித்துச் சொல்கிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறார். போட்டால் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்களாம். போடலாமா?

முத்து_அங்மோகியோ:

தங்கச்சி, நான் சாங்கியில் இருந்து வந்தவன், அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மாமா சொன்னது இங்கே சரிதான். பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் வெளியே விடுவார்கள். ஆனால் 2014 ஜூலை முதல் அது நிபந்தனையோடு கிடைக்கும் கழிவு. மிச்சம் இருக்கும் ஒரு பங்கு முடிவதற்குள் மறுபடியும் தப்புச் செய்து தண்டனை வாங்கினால், பாக்கி நாட்களையும் சேர்த்து அனுபவிக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எனக்கு வெளியே வந்த முதல் வருடம் முழுக்க அந்தத் தேதிதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் சிங்கப்பூர்ச் சட்டம். அமெரிக்காவில் தீர்ப்பான தண்டனைக்கு இந்தக் கணக்கு ஒட்டாது. அம்மாவிடம் சொல்வது கஷ்டம்தான், என் அம்மாவும் இப்படித்தான் நாள் எண்ணிக்கொண்டு இருந்தார்கள். ஆனால் 2028-இல் அவர் வராமல் போய் அன்றைக்குத் தெரிந்துகொள்வதை விட இப்போதே தெரிவது மேல்.

ராஜி_பிடோக்:

வள்ளி, என் தம்பி பென்சில்வேனியாவில் 46 மாதத் தண்டனை முடித்து 2022-இல் வந்தான். நீங்கள் இருக்கும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பரோல். ஃபெடரல் வழக்கில் பரோல் என்பதே கிடையாது. 1984-இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள், 1987 நவம்பர் 1-க்குப் பிறகு செய்த குற்றம் எதற்கும் அது இல்லை. அந்த ஆலோசகர் உங்கள் அண்ணனுக்குப் பரோல் எழுதித் தருகிறேன் என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையே போதும், பணம் கொடுக்காதீர்கள். நாங்கள் அப்படி ஒருவருக்குக் கொடுத்தோம். அம்மாவின் இரண்டு வளையல் போனது, வந்தது என்னவோ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிவங்கள்.

அம்மாவின் இதய நோய் விஷயம். கருணை அடிப்படையில் விடுதலை கேட்க வழி உண்டு, முதலில் சிறை வார்டனிடம் (அங்கே சிறையின் தலைமை அதிகாரி) எழுத வேண்டும், 30 நாள் ஆகியும் பதில் வராவிட்டால் நேரே நீதிமன்றம் போகலாம். 2023 நவம்பர் முதல் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும் ஒரு காரணமாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் பெற்றவர் தன் காரியத்தைத் தானே செய்ய முடியாத நிலையில் இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ள இவரை விட்டால் வேறு ஆளே இருக்கக் கூடாது. உங்கள் அம்மா நடமாடுகிறார்கள், நீங்களும் பக்கத்தில் இருக்கிறீர்கள். இதை வைத்துக் கேட்டால் நிற்காது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஃபெடரல் சிறையில் நன்னடத்தைக்குக் கழிவது, விதித்த தண்டனையில் வருடத்துக்கு அதிகபட்சம் 54 நாள். முன்னால் இதையே வேறு விதமாக எண்ணி 47 நாள்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2018 டிசம்பரில் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் சரிசெய்தது. 5 வருடத்துக்கு 270 நாள், அதாவது கிட்டத்தட்ட 9 மாதம். 60-இல் 9 போனால் 51. தீர்ப்புக்கு முன்னால் உள்ளே இருந்த ஐந்து மாதமும் இதில் சேரும், வேறு எந்தத் தண்டனையிலும் அதைக் கழித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். மார்ச் 2025-இல் இருந்து எண்ணினால் 2029 ஜூன் வாக்கில் வருகிறது.

இந்த 54 நாள் கையில் வந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். என் தம்பி சாப்பாட்டு வரிசையில் ஒரு கைகலப்பில் மாட்டி 27 நாளை இழந்தான். அடித்தவன் அவன் இல்லை, தடுக்கப் போனேன் என்று இன்றைக்கும் சொல்கிறான். தண்டனைக் கணக்குத் தாள் ஒன்று கொடுப்பார்கள், எந்தத் தேதியில் ஆரம்பம், முன்பே இருந்த நாள் எத்தனை, விடுதலைத் தேதி எது என்று எல்லாம் அதில் இருக்கும். அண்ணனை ஒரு பிரதி வாங்கி உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தம்பியின் தாளில் தீர்ப்புக்கு முந்தைய 19 நாள் விட்டுப்போயிருந்தது. வேறு ஒரு கவுண்டி (மாவட்டம் மாதிரி) சிறையில் வைத்திருந்த நாட்கள் அவை. அவன் எழுத்தில் கேட்டு மூன்று மாதம் கழித்துத் திருத்தினார்கள். வீட்டில் நாம் நாட்குறிப்பு வைத்திருந்தால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

அமெரிக்க வலைப்பூக்களில் படிக்கும் மற்ற வழிகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். போதைப்பொருள் மீட்புப் பயிற்சி, 500 மணி நேரம், முடித்தால் ஒரு வருடம் வரை குறையும் என்பார்கள். தண்டனையின் கடைசிப் பகுதியை ஹாஃப்வே ஹவுஸில், அதாவது சிறைக்கு வெளியே கண்காணிப்போடு தங்கும் விடுதியில், ஒரு வருடம் வரை கழிக்கலாம் என்பார்கள். இரண்டும் உண்மை, ஆனால் குடிநுழைவுத் துறை ‘முடிந்ததும் எங்களிடம் ஒப்படைக்க வேண்டும்’ என்று டிடெய்னர் போட்டுவைத்திருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு நடைமுறையில் அந்தக் கதவுகள் திறப்பதில்லை. ஹாஃப்வே ஹவுஸுக்கு அனுப்ப மாட்டார்கள், பயிற்சியில் வெளியே போய் முடிக்க வேண்டிய பகுதி இருப்பதால் அந்த ஒரு வருடக் கழிவும் கிடைக்காது. இது தெரியாமல் தம்பி இரண்டு வருடம் நம்பிக்கொண்டு இருந்தான், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செல்வா_சிராங்கூன்:

கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அங்கே கிடந்து என்ன ஆகப் போகிறது, எப்படியும் திருப்பி அனுப்பத்தான் போகிறார்கள். சம்மதித்தால் சீக்கிரம் பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

தாரிணி_கிளமெண்டி:

செல்வா அண்ணா, மன்னிக்கவும், இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஒரு வருடம் போய்விடும், அதனால்தான் குறுக்கிடுகிறேன். டெக்சஸில் குற்ற வழக்கு நடத்தும் வக்கீல் அலுவலகத்தில் ஏழு வருடம் உதவியாளராக இருந்தேன். நான் வக்கீல் இல்லை, கோப்பு பார்த்த அனுபவம் மட்டும்தான்.

நாடுகடத்தலுக்குச் சம்மதித்தாலும், பொதுவாகச் சிறைத்தண்டனை முடிந்த பிறகுதான் அனுப்புவார்கள். இன்றைக்குக் கையெழுத்து, அடுத்த மாதம் சாங்கி விமான நிலையம் என்பது நடக்காது. சரி, அப்படியானால் போட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ராஜி அக்கா சொன்ன அதே ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டத்தில் 54 நாளுக்கு மேலே இன்னொரு கழிவும் உண்டு. சிறை சொல்லும் வகுப்புகளிலும் வேலைகளிலும் சேர்ந்து ஒழுங்காகச் செய்தால், 30 நாளுக்கு 10 நாள் சேரும். மறுபடியும் குற்றம் செய்யும் வாய்ப்பு குறைவு என்று அவர்களுடைய மதிப்பீட்டில் இரண்டு தடவை தொடர்ந்து வந்துவிட்டால் 30 நாளுக்கு 15 நாள். இப்படிச் சேர்ந்ததில் 12 மாதம் வரை விடுதலைத் தேதியையே முன்னால் இழுக்கலாம். இதற்குத் தகுதியில்லாத குற்றங்கள் என்று நீளமான பட்டியல் இருக்கிறது, சாதாரண ஒயர் ஃப்ராடு அதில் இல்லை.

ஆனால் நாடுகடத்தல் உத்தரவு இறுதியாகிவிட்டவர் அந்த நாட்களைப் பயன்படுத்த முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சேர்க்கலாம், செலவழிக்க முடியாது. வெறும் டிடெய்னர் மட்டும் இருந்தால் தடை இல்லை. முன்பு டிடெய்னர் இருந்தாலே சிறைத்துறை மறுத்துக்கொண்டிருந்தது, 2023 பிப்ரவரியில் மாற்றினார்கள். ராஜி அக்காவின் தம்பி அதற்கு முன்பே வந்துவிட்டார், அவருக்கு இது கிடைத்திருக்காது.

வள்ளி அக்கா, அந்தத் தாள் என்னவென்று நான் பார்க்கவில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், நீதிபதி முன்னால் போகாமலே இறுதி உத்தரவுக்குச் சம்மதிக்கும் தாள் மாதிரி இருக்கிறது. அப்படியானால் அந்தக் கையெழுத்தின் விலை 12 மாதமாக இருக்கலாம். குடிநுழைவுச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவர் பார்க்காமல் அண்ணன் அதைத் தொடவே கூடாது. கேஸ் நடத்திய வக்கீலிடமும் ஒன்று கேளுங்கள், குற்றத்தை ஒப்புக்கொண்ட உடன்படிக்கையிலேயே நாடுகடத்தலுக்குச் சம்மதம் என்று எழுதியிருக்கிறதா என்று. சில உடன்படிக்கைகளில் அதைச் சேர்த்து எழுதி, தண்டனை சொல்லும் நீதிபதியே உத்தரவும் போட்டுவிடுவார். அப்படி ஆகியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

இன்னொன்று, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. தீர்ப்புத் தாளை எடுத்துப் பாருங்கள், சிறைக்குப் பிறகு சூப்பர்வைஸ்டு ரிலீஸ் என்று வருடக் கணக்கு போட்டிருக்கிறதா? சிறையில் இருந்து வெளியே வந்து கண்காணிப்பில் இருக்கும் காலம் அது. அந்த 12 மாதத்தை முன்னால் இழுப்பது என்றால் ஆளை அந்தக் கண்காணிப்புக் காலத்துக்குச் சீக்கிரமாக மாற்றுவதுதான். தீர்ப்பில் அது இல்லையென்றால் மாற்றுவதற்கு இடமே இல்லை. நாடுகடத்தப்படக் கூடியவருக்கு அதைப் பொதுவாகப் போட வேண்டாம் என்று தண்டனை வழிகாட்டு விதிகள் சொல்வதால், சில நீதிபதிகள் நல்ல எண்ணத்தோடே விட்டுவிடுவார்கள். என் மேசையில் அப்படி ஒரு கோப்பு வந்தது. ஹோண்டுராஸ்காரர், 300 நாளுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். அவர் மனைவி ஸ்பானிஷில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு இருந்தார், நாள் இருக்கிறதே, ஏன் விடவில்லை என்று.

வள்ளி_ஈசூன்:

தாரிணி, இப்போதுதான் தீர்ப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. சூப்பர்வைஸ்டு ரிலீஸ், 3 வருடம். தீர்ப்பு வந்த அன்று இந்த வரியைப் படித்துவிட்டு நானும் அண்ணியும் போனில் அழுதோம். 5 வருடம் போதாது என்று மேலே 3 வருடமா என்று. அம்மாவிடம் இதை இதுவரை சொல்லவே இல்லை.

அப்படியானால் 51-இல் 12 போய் 39 மாதமா? 2028 ஜூன்? அம்மா போட்ட தேதிக்கு ஒரு மாதம் முன்னால் வருகிறதே. நான் சரியாகத்தான் கூட்டுகிறேனா?

தாரிணி_கிளமெண்டி:

கூட்டல் சரி. ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ற நிலைமையில் வரும் தேதி அது. மதிப்பீட்டில் அண்ணன் குறைந்த வகையில் வர வேண்டும், முதல் தடவை கேஸ் என்றால் வாய்ப்பு நல்லதுதான். வகுப்புகளை மறுக்கக் கூடாது. தீர்ப்புக்கு முன் இருந்த ஐந்து மாதத்துக்கு இந்தக் கழிவு சேராது, தண்டனை ஆரம்பித்த பிறகுதான் எண்ணுவார்கள். முதல் ஏழெட்டு மாதம் 10 நாள் வீதம், பிறகு 15 நாள் வீதம் என்று போட்டால் 365 நாள் சேர இரண்டே கால் வருடம் பிடிக்கும், அதற்கு அவருக்கு நேரம் இருக்கிறது. இடையில் இறுதி உத்தரவு வந்துவிட்டால் போச்சு. அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் குடிநுழைவு நீதிபதி முன்னால் விசாரணையைச் சிறையில் வைத்தே நடத்தி உத்தரவு போட முடியும், அது நம் கையில் இல்லை. அதனால் அம்மாவிடம் சொல்லும்போது 2029 ஜூன் என்றே சொல்லுங்கள். 2028 வந்தால் வரட்டும். விதிகளும் மாறுகின்றன, வக்கீலிடம் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வந்த பிறகு கேட்கக் கூடியது வேறு அதிகம் இல்லை. மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான், அது போய்விட்டது. வக்கீல் பெரிய தவறு செய்தார் என்பது மாதிரி காரணம் இருந்தால் தீர்ப்பு இறுதியான நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் மனு போடலாம், இல்லாத காரணத்தை உண்டாக்கிப் போடாதீர்கள். அரசுத் தரப்புக்கு வேறு வழக்கில் உதவினால் தண்டனை குறையும், ஆனால் கேட்க வேண்டியது அரசுத் தரப்புதான், நாம் கேட்க முடியாது. உண்மையில் பெரிய குறைப்பு தீர்ப்புக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. நேரத்தோடு ஒப்புக்கொண்டதற்கு வழிகாட்டு அட்டவணையில் 3 படி இறங்கும். முதல் குற்றவாளிக்கு 27-ஆம் படி என்றால் 70 முதல் 87 மாதம், 24-ஆம் படி என்றால் 51 முதல் 63 மாதம். அண்ணனின் 60 இந்த இரண்டாவது வரிசைக்குள் இருக்கிறது, அவருக்கு அது ஏற்கனவே கிடைத்துவிட்டது என்று தோன்றுகிறது.

முத்து_அங்மோகியோ:

இங்கேயும் 2023 அக்டோபர் முதல் அப்படி ஒரு வழிகாட்டல் இருக்கிறது. ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் 30 சதவீதம் வரை குறைக்கலாம், தள்ளத் தள்ளக் குறைப்பும் தேயும். என் காலத்தில் இருந்திருந்தால் நான் முதல் நாளே ஒப்புக்கொண்டிருப்பேன்.

ராஜி_பிடோக்:

தாரிணி எழுதியதைப் படித்துவிட்டு தம்பிக்குப் போன் செய்தேன். அவன் ஒன்று சொல்லச் சொன்னான். தண்டனை முடிந்த அன்று வெளியே விடவில்லை, குடிநுழைவுத் தடுப்பு மையத்துக்கு மாற்றினார்கள், அங்கே 34 நாள் இருந்தான். காரணம் பாஸ்போர்ட். உள்ளே இருக்கும்போதே காலாவதியாகிவிட்டது, யாரும் பார்க்கவில்லை, கடைசியில் பயணப் பத்திரம் தயாராக அத்தனை நாள். அந்த 34 நாள் எந்தத் தண்டனைக் கணக்கிலும் இல்லை. அண்ணனின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வாஷிங்டனில் நம் தூதரகம் இருக்கிறது, வழக்கில் தலையிட மாட்டார்கள், ஆனால் இந்த மாதிரி பத்திர வேலைக்கு அவர்களிடம்தான் போக வேண்டும்.

வள்ளி_ஈசூன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக எழுத முடியவில்லை. அண்ணன் நேற்றுப் போன் செய்தார், பதினைந்து நிமிடத்தில் தானாகவே கட்டாகிவிடும், அதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போடவில்லை, வக்கீல் வரும்வரை போட மாட்டேன் என்றார். கேஸ் வக்கீல் மின்னஞ்சலில் பதில் எழுதிவிட்டார், உடன்படிக்கையில் நாடுகடத்தல் சம்மதம் எதுவும் இல்லையாம். ஆலோசகருக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

அம்மாவிடம் 2029 ஜூன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் காலண்டரைத் திருப்பிப் போட்டு, 40 கட்டத்துக்குக் கீழே இன்னும் 11 கட்டம் வரைந்தார்கள். அந்தப் பதினொன்றை மட்டும் பென்சிலை அழுத்தாமல் வரைந்தார்கள்.

பாஸ்போர்ட் 2027 மார்ச்சில் முடிகிறது, அண்ணி வீட்டு அலமாரியில் இருக்கிறது. தூதரகத்துக்கு இன்று காலை எழுதியிருக்கிறேன். உள்ளே இருப்பவருக்குப் புகைப்படம் எப்படி எடுத்து அனுப்புவது என்று, ராஜி அக்கா, உங்கள் தம்பியிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?